வெண்கலக் கிரகத்து அக்கா

யாராவது ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால் அக்கா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். கோப்பிக் குவளையானாலும் சரி, பாதி ஆய்ந்த கீரையானாலும் சரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொள்வார். தலை இடப்பக்கம் லேசாகச் சாயும். மலாக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆண்டுக்கணக்கில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்ததால் வந்த சாய்வு அது. அதன் பிறகு அவர் கண் நம் முகத்தை விட்டு நகராது. நான் சொல்வதை அப்படி ஒருவர் கேட்டது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நான் ஏமாந்ததும் அந்த இடத்தில்தான்.

அவர் பெயரை எழுத எனக்கு மனமில்லை. மலாக்காவில் காஜா பேராங் என்ற பகுதியில் எங்கள் பலகை வீட்டுக்கு அடுத்த பலகை வீடு அவருடையது. நான் கல்யாணமாகிப் போன பிறகு அங்கே குடிவந்தவர்கள், அப்பாவும் மகளும் மட்டும். அப்பா ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் தூங்குவார். அக்காவுக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி விசாரிக்கிறவர்களிடம், "செவ்வாயில மாப்பிள்ள பாத்திருக்கு, கப்பல் வரணும்" என்பார். கேட்டவர்கள் செவ்வாய் தோஷத்தைச் சொல்கிறார் என்று நினைத்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள்.

அவர் சொன்னது கிரகத்தைத்தான். பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரர்கள் படித்துத் தூக்கிப்போட்ட ஆங்கிலப் பத்திரிகைகள் டவுனில் ஒரு பழைய பேப்பர்க் கடைக்கு வரும். ராக்கெட்டும் மூன்று கண் மிருகமும் அரைகுறை உடுப்புப் பெண்ணும் அட்டையில் இருக்கும். கடைக்காரச் சீனர் அவற்றை அக்காவுக்கென்று தனியாக எடுத்துவைப்பார். அட்டையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பழுப்புக் காகிதம் ஒட்டி, அதன் மேல் "சமையல் குறிப்பு" என்று எழுதி அடுக்கியிருப்பார் அக்கா. அவர் கட்டிலுக்கடியில் இருந்த சமையல் குறிப்புகளைப் பார்த்தால் மலாயாவுக்கே விருந்து வைக்கலாம் போலிருக்கும். அவர் சமைக்கும் ரசம் மட்டும் வாயில் வைக்க முடியாது.

நான் அவருக்கு அறிமுகமானது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருஷம். தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்த கணவர் வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கணவர் வேலை விஷயமாகச் சிங்கப்பூர் போயிருக்கிறார், வந்ததும் அழைத்துக்கொள்வார் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார். அது பொய் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குள் கூட அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. நான் தையல் மிஷினில் உட்கார்ந்து ஊராருக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தைக்கக் கொண்டுவந்தது ரவிக்கை இல்லை. மெத்தை உறைத் துணியில் கழுத்திலிருந்து கால்வரை ஒரே உடுப்பாக வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். நிலாவுக்குப் போக என்றார். சிரிக்காமல் சொன்னார்.

மெர்டேக்கா கொண்டாட்டத்துக்கு எங்கள் பகுதி வாலிபர் மன்றம் திடலில் மாறுவேடப் போட்டி வைத்திருந்தது. ராணி, குறத்தி, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண், போலீஸ்காரர் என்று வரிசையாக மேடையேறினார்கள். கடைசியில் அக்கா ஏறினார். தண்ணீர்த் தொட்டிக்கு அடிக்கும் வெள்ளிச் சாயம் பூசிய உடுப்பு. தலையில் சதுரமான பிஸ்கட் தகரம், முன்பக்கம் வெட்டிக் கண்ணாடித்தாள் ஒட்டியது. நடுவர் மைக்கைத் தகரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இது மீன் பிடிக்கிறவர் வேடமா என்று கேட்டார்.

"நான் நிலாவுல பொறந்த மலாயாக்காரி" என்று தகரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

திடல் முழுக்கச் சிரித்தது. பரிசு குறத்திக்குப் போயிற்று. அந்த உடுப்போடேயே, தகரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வியர்வை வழிய அக்கா என்னோடு வீட்டுக்கு நடந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் முகத்தில் வருத்தமே இல்லை. "அவங்க சிரிச்சதுல தப்பில்ல. நாம கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டோம்" என்றார்.

'நாம' என்றார். துணி தைத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. இருந்தாலும் அந்த வார்த்தை எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. கணவர் வீட்டில் யாரும் என்னைச் சேர்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் அவர் வீட்டுச் சமையலறைக்குப் போக ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் படித்ததையெல்லாம் தமிழில் சொல்லுவார். டவுன் தியேட்டரில் ராக்கெட் படம் வந்தபோது என்னையும் கூட்டிப்போனார். திரையில் கப்பல் ஒன்று பெருஞ்சத்தத்தோடு வெடித்ததும் இருட்டில் எழுந்து நின்று, காற்றில்லாத இடத்தில் சத்தம் கேட்காது என்று உரக்கச் சொன்னார். பின்வரிசையில் யாரோ அதட்டினார்கள். வெளியே வந்ததும், அப்படிச் சத்தமே இல்லாத இடத்தில் ஒரு நாளாவது வேலை பார்க்க வேண்டும் என்றார். அவர் கேலியாகச் சொன்ன மாதிரி எனக்குப் படவில்லை.

அந்த அக்டோபரில் ருஷ்யாக்காரர்கள் செயற்கை நிலா விட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் அக்கா எங்கள் வரிசை வீடுகளையெல்லாம் வெளியே அழைத்துவந்து நிறுத்தினார். மேகத்துக்கு நடுவில் ஒரு புள்ளி நகர்ந்தது. அதுதானா, வேறு ஏதாவதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மலாய் பேசும் செட்டிகள் குடியிருந்த செட்டி கம்பத்து அம்மா ஒருவர் அது நம் கூரையில் விழுமா என்று மலாயில் கேட்டார். அக்கா அந்தப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வெண்கலக் கிரகம் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் பிறந்தது. பிறர் எழுதியதைப் படித்தது போதும், நமக்கென்று ஒரு கிரகம் செய்வோம் என்றார். ஒரே ஒரு சட்டம் வைத்தார். அங்கே வரமும் கிடையாது, சாபமும் கிடையாது. எது நடந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். வானம் வெண்கல நிறம் என்று அவர் தொடங்கினார். நான் யோசித்து, அங்கே இரண்டு சூரியன் இருந்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிழல் விழுமே என்றேன்.

அக்கா எழுந்து சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ரெண்டு நிழலு! அப்ப ஒருத்தன் பொய் சொன்னா ஒரு நிழல் மட்டும் விலகிப் போகுமா?"

"அது சாபம் மாதிரி ஆயிடுமேக்கா" என்றேன்.

வைத்த சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டதை நினைத்து அவர் சிரித்த சிரிப்பில் வானொலிப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த அப்பா விழித்துக்கொண்டார்.

மாதக்கணக்கில் அந்தக் கிரகத்தில் குடியிருந்தோம். ஆறு, ஊர், சந்தை எல்லாம் வந்துவிட்டன. ஒரு மழை நாளில், அங்கே வேண்டாதவர்களை என்ன செய்வார்கள் என்று அக்கா கேட்டார். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய படகில் ஏற்றி வானத்தில் தள்ளிவிடுவார்கள் என்று சொன்னேன். பிள்ளை தங்காத ஒரு பெண்ணை அப்படி அனுப்பினார்கள் என்றேன். அவர் கீரையைக் கீழே வைத்தார்.

"ஏத்திவிட்டவன் என்னா சொன்னான்?" என்று மெதுவாகக் கேட்டார்.

கற்பனையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது அதுவல்ல. "பெட்டிய மடியில வச்சுக்க. எறங்குறப்ப மறந்துடாத."

என் கணவர் தம்பின் பஸ் நிலையத்தில் என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது. முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. இரண்டாவதும் அப்படியே. மாமியார் முகங்கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். ஒரு நாள் கணவர், கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வா என்று கூட்டிவந்து, எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்து, பெட்டியைப் பற்றி அக்கறையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். திட்டியிருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். இதை எப்படிச் சொல்வது? யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு மழைச் சத்தத்தில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எக்ஸ்சேஞ்சுல நான் கேக்குறது ஒண்ணு கூட வெளியில போனதில்ல. தெரியுமில்ல?" என்றார்.

அது உண்மை. எந்தச் சீன டவுக்கே முதலாளிக்கு யாரோடு சண்டை, எந்தச் செட்டியார் வீட்டில் என்ன துக்கம் என்பதெல்லாம் அவர் காதில் விழும். ஒரு சொல் வெளியே வந்ததில்லை. வேலையில் சேரும்போது கொடுத்த வாக்கு அது என்பார். எனக்கும் அதே வாக்கைத் தருகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று கேட்டார். சொன்னேன். படகு ஒரு சின்ன நிலாவில் போய் ஒதுங்கியது. அவள் அங்கே ஒரு விளக்கு ஏற்றினாள். அதைப் பார்த்து, தள்ளிவிடப்பட்ட மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வெகுகாலம் கழித்து அவளை அனுப்பியவன் தேடிக்கொண்டு வந்தான். அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, திரும்பிப் போகும் வழியைச் சொல்லி அனுப்பினாள். அக்கா கீரையை மறுபடியும் கையில் எடுத்தார். இதுவரை நாம் செய்ததிலேயே இதுதான் உயர்ந்தது என்றார்.

அதன் பிறகு அவர் எனக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். எக்ஸ்சேஞ்சில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என்னை மனுப் போடச் சொன்னார். மேற்பார்வை செய்த வெள்ளைக்கார அம்மாவிடம் எனக்காகப் பேசினார். மாலை வேளைகளில் அவர் ஒரு அறையிலும் நான் ஒரு அறையிலும் நின்று, ஆங்கிலத்தில் எண் கேட்டு எண் கொடுத்துப் பழகினோம். வேலை கிடைத்தது. முப்பது வருஷம் அந்த வேலையில்தான் சோறு சாப்பிட்டேன். அவர் மேல் முழுதாகக் கோபப்படவும் எனக்கு வழியில்லாமல் போனது அதனால்தான்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு மலரில் தொடர்கதை ஒன்று ஆரம்பமாயிற்று. தலைப்பிலேயே வெண்கலக் கிரகம் இருந்தது. எழுதியவர் பெயர் புனைபெயர். முதல் பத்தியில் இரண்டு நிழல்கள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைக்கவில்லை. மலரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லாமல் வைத்திருந்ததாக அக்கா சொன்னார். என் பெயரும் இருக்குமா என்று கேட்டதற்கு, இரண்டு பெயர் போட்டால் பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்காது என்றார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில வாரங்கள் கழித்துப் படகு வந்தது. ஏற்றிவிட்டவன் குனிந்து அந்தப் பெண்ணிடம் சொன்னான்: பெட்டியை மடியில் வைத்துக்கொள், இறங்கும்போது மறந்துவிடாதே.

அன்றைக்கு எனக்கு வேலை இருந்தது. எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. மாலையில் அக்கா எதிரில் போய் நின்று, எவருக்கும் சொல்ல மாட்டேன் என்றீர்களே என்று கேட்டேன்.

அவருக்கு என் கோபம் நிஜமாகவே புரியவில்லை. நிதானமாக யோசித்துவிட்டு, "அது எக்ஸ்சேஞ்சுல கேட்டது இல்லியே" என்றார். பிறகு, அது நீ என்று யாருக்குத் தெரியப்போகிறது, உனக்கும் எனக்கும்தானே தெரியும் என்று சமாதானம் சொன்னார். உன்னைப் போல் யாரும் எனக்குச் சொன்னதில்லை, அது வீணாகப் போகலாமா என்றார்.

"அதச் சொன்னவருக்குத் தெரியும்கா" என்றேன்.

என் கணவரை அக்கா நினைத்துப் பார்க்கவே இல்லை. முகம் மாறிவிட்டது. மீதிக் கதையை நான் சொன்னபடியே கொண்டுபோவதாக என் கையைப் பிடித்துச் சொன்னார். இரண்டாவது முறையும் நம்பினேன்.

அடுத்தடுத்த வாரங்களில் விளக்கு வந்தது, மற்றப் பெண்கள் வந்தார்கள். பிறகு அவன் கப்பல் வந்தது. அவள் ஓடிப்போய் அவன் காலடியில் விழுந்தாள். அவன் அவளைத் தூக்கினான். இரண்டு பேருடைய நான்கு நிழல்களும் ஒன்றாய்ச் சேர்ந்தன என்று அந்த வாரம் முடிந்திருந்தது. நிழல் எப்படி அப்படிச் சேரும் என்பதற்குக் காரணம் எதுவும் எழுதவில்லை. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கதையில வர்றவளுக்கு இருக்குற புத்தி கூட ஒனக்கு இல்லியே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு என்ன தெரியும்?

அடுத்த வாரம் என் கணவர் வந்தார்.

மத்தியானம். வரிசை வீடுகளில் எல்லாரும் வாசலில் இருந்தார்கள். சிங்கப்பூரில் இருப்பதாகச் சொல்லப்பட்டவர் தம்பின் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் சுருட்டிய ஞாயிறு மலரோடு நடந்து வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். இளைத்திருந்தார். அம்மா அவசரமாக நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

அவர் உட்காரவில்லை. "நீ எழுதினத படிச்சேன்" என்றார்.

நான் எழுதவில்லை என்றேன்.

"பஸ்டாப்புல நான் சொன்னது ஒனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?" சற்று நேரம் கழித்து, "நீ என்னக் கூப்பிடுறன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் குரலில் கூச்சம் இருந்தது. கூட வாழ்ந்த காலத்தில் நான் கேட்டிராத குரல். ஒரு நிமிஷம் எனக்கே தடுமாறிவிட்டது. வீட்டில் எல்லாம் எப்படி என்று கேட்டேன். அவர் அம்மா அப்படியேதான் இருப்பதாகவும், நான் கொஞ்சம் அனுசரித்துப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொன்னார். செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றேன்.

"தம்பின் பஸ் இன்னும் ஒண்ணு இருக்கு. இப்ப கெளம்புனா பிடிச்சிடலாம்" என்றேன்.

அவர் மலரை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார். என் அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் திண்டாடிப்போனார். சிங்கப்பூர்க் கதை அன்றோடு முடிந்தது. காஜா பேராங் முழுக்க நான் புருஷன் விட்டவள், அப்புறம் புருஷனை விட்டவள்.

வேலை முடிந்து வந்த அக்காவுக்கு யாரோ தெருவிலேயே சொல்லியிருக்க வேண்டும். பின்பக்கமாக நேரே என்னிடம் வந்தார். கைப்பையைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். என் கணவர் எப்படி வந்தார், எங்கே நின்றார், முதலில் என்ன சொன்னார் என்று கேட்டார். கண்ணில் ஈரம் இருந்தது, பொய்யில்லை. எனக்காக வருந்தினார், அதுவும் பொய்யில்லை. தலை சாய்ந்திருந்தது. என் வாய் பழக்கத்தில் திறந்தும்விட்டது. மூடிக்கொண்டேன்.

முடிவை ஏன் மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

ஆசிரியர் சொன்னாராம். அவள் திரும்பிப் போகாவிட்டால் குடும்பப் பெண்கள் பத்திரிகையைக் கையில் எடுக்க மாட்டார்களாம். "ஒன் முடிவுதான் சரி. எனக்குத் தெரியும். ஆனா அதப் போட அவங்களுக்கு மனசு வரல. எனக்கு இது நின்னுபோயிடக் கூடாதுன்னு இருந்துச்சு. எத்தன வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"வரம் கிடையாதுன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க?"

 கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஒரே டெலிபோன் ஸ்விட்ச்போர்டுக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். எண்களைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. தன் அப்பா இறந்ததும் அக்கா கோலாலம்பூருக்குப் போய்விட்டார். அங்கே வானொலியில் நாடகம் எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். தொடர்கதை புத்தகமாக வந்தது. முன்னுரையில், இந்தக் கிரகம் முழுவதும் தன் தனிமையில் பிறந்தது என்று எழுதியிருந்தார். அதை எழுதும்போது அவர் அப்படித்தான் நம்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்தச் சமையலறையில் எதிரே ஒருத்தி உட்கார்ந்திருந்தது அவருக்கு மறந்தே போயிருக்கலாம். அந்த வரியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நிலாவில் மனிதன் இறங்கிய செய்தி வந்த வருஷம், எக்ஸ்சேஞ்சில் பவானி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். கணவரோடு சண்டை, அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று பேச்சு. ஒரு நாள் அவள் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அட்டை கிழிந்திருந்தது. படித்திருக்கிறீர்களா என்று கேட்டாள். தலையாட்டினேன்.

"இதப் படிச்சிட்டு அழுதுட்டேன்கா. போன வாரம் திரும்பிப் போயிட்டேன்."

இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். அவள் புத்தகத்தை மூடினாள். "அடிக்கிறது கொறஞ்சிருக்கு" என்றாள்.

சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக நகர்த்திவைத்தேன். பிறகு, அந்தக் கதை அப்படி முடியவில்லை என்று சொன்னேன். அவள் சிரித்தாள். அச்சில்தான் இருக்கிறதே, நீங்கள் கடைசிப் பக்கத்தைச் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது என்றாள்.

"அச்சுல இருக்கறது தப்பு" என்றேன். "வேலைக்குப் போக இன்னும் நேரமிருக்கு. உக்காரு, சொல்றேன்."

அவள் உட்கார்ந்தாள். படகு போய் ஒதுங்கிய அந்தச் சின்ன நிலாவிலிருந்து தொடங்கினேன்.